மென்பொருளோடு அதன் உரிமத்தையும் கேட்டு வாங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் மென்பொருட்கள் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாடசாலைகளும் சங்கங்களும் பணம் செலவழிக்காமல் பயன்படுத்தக்கூடிய மென்பொருட்கள் பலவற்றை அது அறிமுகம் செய்திருந்தது. எழுதியவருக்கு என் நன்றி. ஆயினும், ‘இலவச மென்பொருள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ், கடிதமும் கணக்குத்தாளும் தயாரிக்க உதவும் லிப்ரே ஓபிஸ் போன்றவையும், விலையில்லாமல் தரவிறக்கக் கிடைத்தாலும் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று எவருமே பார்க்க முடியாத செயலிகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தன. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சங்கத்தின் பணத்தையும் பல மாத உழைப்பையும் இழந்த பிறகே கற்றுக்கொண்டவன் நான். ஆகையால் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கும், விடுதலையானதையும் குறிக்கும். அதனால் அந்த இயக்கத்தார் நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்பது ஒன்று, கட்டற்றது என்பது இன்னொன்று. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற நல்ல சொல் வழக்கில் இருக்கும்போது, இல்லாத குழப்பத்தை ‘இலவசம்’ என்று எழுதி நாமே வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளைப் பணத்துக்கு விற்கலாம். இலவசமாகக் கிடைப்பது பயனாளரின் கையைக் கட்டிப் போடவும் செய்யலாம். எது எது என்பதை விலைச்சீட்டைப் பார்த்து அறிய முடியாது. கூடவே வரும் உரிமப் பத்திரத்தைத்தான் படிக்க வேண்டும்.

என் கதை இது. எங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்தபோது, 2012-இல், கணக்கு வைப்பதற்கென ஒரு மென்பொருளைச் செய்வித்தோம். வேறொரு நகரத்தில் இருந்த சிறிய நிறுவனம் ஒன்று அதைச் செய்து தந்தது. அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் அதற்குள் ஏறின. மாத முடிவில் ஐந்தொகை தானாக வந்து நின்றது. கணக்காய்வுக்கு வந்தவர்களும் பாராட்டிச் சென்றார்கள். ஏழு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. 2019 ஐப்பசியில், இடியும் மின்னலுமாக இருந்த ஒரு மாலையில், அலுவலகக் கணினி எரிந்துபோயிற்று. நான் பதறவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் பிரதியெடுத்து வீட்டு அலுமாரியில் வைப்பது என் வழக்கம். புதிய கணினி வாங்கி, மென்பொருளை நிறுவி, கோப்பைத் திறக்கப் போனபோது, இந்தக் கணினிக்குரிய செயற்படுத்தல் இலக்கத்தைத் தருமாறு திரை கேட்டது. மென்பொருள் பழைய கணினியின் வன்தட்டோடு பூட்டப்பட்டிருந்தது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. இலக்கம் தரவேண்டிய நிறுவனமோ மூடப்பட்டு, அதை நடத்திய இளைஞர்கள் வெளிநாடு சென்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

என்னிடம் கணிதம் படித்து, இப்போது மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருக்கும் மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். அவர் அந்தக் கோப்பை வேறு கருவி கொண்டு திறந்து எனக்குக் காட்டினார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவருக்கு விளங்கியது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால், கணினிக்குள் அது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படும். எங்கள் அங்கத்தவர்களின் பெயர்கள் அந்தக் கோலத்தில் இருந்தன. இரண்டு இரவுகள் இருந்து பெயர்களை எல்லாம், எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி மீட்டுத் தந்தார். தொகைகள் இருந்த பகுதி மறைகுறியாக்கப்பட்டிருந்தது. அதை அவராலும் திறக்க முடியவில்லை. யாருடைய பணம் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது என்ற நிலையில் நாங்கள் நின்றோம்.

சேமிப்புப் புத்தகங்களைக் கொண்டுவருமாறு முந்நூறுக்கு மேற்பட்ட அங்கத்தவர்களுக்கும் அறிவித்தோம். மூன்று மாதமாக, மாலை வேளைகளில், ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்துப் பேரேட்டில் மீண்டும் எழுதினோம். அப்படி வந்தவர்களில் பாய் இழைத்து விற்றுப் பிழைக்கும் ஒரு மூதாட்டியை நான் மறக்கவில்லை. அவருடைய புத்தகம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீல மை பரவி, ஒரு இலக்கம் கூடப் படிக்க முடியாதிருந்தது. “சேர், போன மாரி வெள்ளத்துக்குள்ள கிடந்து போச்சு. நீங்க கொம்பியூட்டருக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்கதானே” என்றார். அந்தக் கணினிக்குள் இருந்ததை எங்களாலேயே பார்க்க முடியவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? நிருவாகக் குழு கூடி, அவர் சொன்ன தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டது. அவர் சொன்னது உண்மைத் தொகையிலும் குறைவாக இருந்திருக்கக்கூடும் என்பதே இன்றுவரை என் மனத்தை அரிக்கிறது.

அந்த இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பேசியபடி செய்து தந்தார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காதவர்கள் நாங்கள். எங்களிடம் இருந்த ஒரேயொரு பத்திரம் பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு. அதில் தொகையும் பயிற்சி நாட்களும் இருந்தன. நிரலாளர் எழுதிய வரிகளான மூலநிரலைத் தருவதாகவும் அதில் இல்லை, அதை வைத்து நாங்கள் என்ன செய்யலாம் என்றும் இல்லை. இவை இரண்டு வேறு விடயங்கள் என்பதையும் நான் பிறகே அறிந்தேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் நூல்கள், கட்டுரைகளோடு சேர்த்தே பதிப்புரிமைக்குள் வைக்கிறது. ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நிலைக்கும். ஆகவே மூலநிரலை ஒருவர் நட்புக்காகக் கையில் தந்துவிட்டாலும், உரிமம் எழுதித் தரப்படாதவரை அதை மாற்றவோ, அயலூர்ச் சங்கத்துக்குக் கொடுக்கவோ நமக்கு உறுதியான அனுமதி கிடையாது.

மூலநிரல் என்றால் என்ன என்று சங்கக் கூட்டத்தில் கேட்டவர்களுக்கு நான் கூத்தைக் கொண்டு விளக்கினேன். படுவான்கரையில் என் தாய்வழி ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். களரியைச் சுற்றி அமர்ந்து பார்ப்பவர்கள் அத்தனை பேரும் ஆட்டத்தையும் பாட்டையும் அனுபவிப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டு தங்கள் ஊரில் அதே கூத்தைப் பழக்க வேண்டுமென்றால் அண்ணாவியாரிடம் உள்ள கொப்பி வேண்டும். கொப்பியை இரவல் கொடுத்த அண்ணாவியார்களின் கூத்துகள் ஊர் ஊராகச் சென்றன. ஓரிடத்தில் ஒரு விருத்தம் கூடியது, இன்னோரிடத்தில் ஒரு பாத்திரம் சேர்ந்தது. கொடுக்க மறுத்தவர்களின் கொப்பி அவர்கள் வீட்டுப் பெட்டகத்திலேயே கறையானுக்கு இரையாயிற்று. கணினியில் ஓடும் மென்பொருள் களரியில் நடக்கும் ஆட்டம் என்றால், மூலநிரல் அந்தக் கொப்பி. இனி, கொப்பியை இரவல் கொடுக்கும் அண்ணாவியார், “எழுதி எடு, உன் ஊருக்கு ஏற்றபடி மாற்று, காசுக்கும் ஆடு, ஆனால் உன் கொப்பியை இன்னொரு ஊரான் கேட்டால் நீயும் இதே சொல்லோடு கொடுக்க வேண்டும்” என்று உறுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். குனூ பொதுமக்கள் உரிமம், அதாவது ஜிபிஎல், செய்வது ஏறக்குறைய அதுதான். தமிழில் இவ்வகை உரிமத்தை அளிப்புரிமை என்று அழகாகச் சொல்கிறார்கள்.

இதன் பின்னால் இருப்பவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றியபோது, அங்கு வந்து சேர்ந்த ஒரு லேசர் அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. முந்திய அச்சுப்பொறியின் நிரலை அவர்கள் மாற்றி, தாள் சிக்கினால் காத்திருப்போருக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார்கள். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரும், தாம் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். சின்னஞ்சிறு சம்பவந்தான்; எங்கள் சங்கத்துக்கு நேர்ந்ததும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். 1983 செப்டெம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதுவதற்கான குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவாயிற்று. 1989-இல் ஜிபிஎல் உரிமத்தின் முதற் பதிப்பும், 1991-இல் இரண்டாவதும், 2007-இல் மூன்றாவதும் வெளிவந்தன. எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, எப்படி இயங்குகிறது என்று படித்துத் தேவைக்கேற்ப மாற்றுவது, பிரதியெடுத்து அயலவருக்குக் கொடுப்பது, மாற்றிய வடிவத்தையும் பகிர்வது ஆகிய நான்கையும் பயனாளரின் சுதந்திரங்கள் என்று அவ்வியக்கம் வகுத்திருக்கிறது. ஜிபிஎல்லின் நுட்பம், பதிப்புரிமைச் சட்டத்தை எதிர்க்காமல் அதன் பலத்திலேயே இந்த நான்கையும் காப்பதில் இருக்கிறது: பிரதியெடுக்கும் அனுமதியைத் தருபவர் அதற்கு நிபந்தனையும் விதிக்கலாம், அடுத்தவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்பதே இங்கு நிபந்தனை.

நிபந்தனை ஏட்டுச் சுரைக்காய்தானே என்று ஐயுறுபவர்களுக்கு ஒன்றிரண்டு செய்திகள். கணினியை இயக்கும் அடிப்படை நிரலான லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் தமது சொந்த உரிமத்தோடுதான் அதை வெளியிட்டார். 1992-இல் ஜிபிஎல்லுக்கு மாற்றினார். இன்று நம் கையிலுள்ள அண்ட்ரோயிட் தொலைபேசிகள் அனைத்தின் அடியிலும் இருப்பது அந்த லினக்ஸ் கருவே. 2004-இல் ஜேர்மனியின் மியூனிக் மாவட்ட நீதிமன்றம், ஜிபிஎல் நிபந்தனையை மீறி வலையமைப்புக் கருவிகளை விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டு, லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் ஒரு ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் மூலநிரலைக் கேட்டு வற்புறுத்தியதால், நிறுவனம் அதை வெளியிட வேண்டியதாயிற்று. அதை அடியாகக் கொண்டு 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் இப்போது பல நூறு வகை ரூட்டர்களில் இயங்குகிறது. தயாரித்த நிறுவனம் கைவிட்ட பழைய ரூட்டரும் புதிய நிரலோடு மேலும் பல காலம் உழைக்கிறது. பழுதானதைத் தூக்கியெறியாமல் திருத்திப் பாவிக்கும் நமது ஊர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

கட்டற்ற உரிமங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எம்ஐடி, பிஎஸ்டி என்னும் உரிமங்கள் தாராளமானவை. அவற்றின் கீழ் வந்த நிரலை எடுத்து மாற்றி, மாற்றியதை மூடி விற்கவும் இடமுண்டு. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஊரார் பணத்தில் உருவாகும் ஒரு பொருளுக்கு ஜிபிஎல்லே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ஊர் கொடுத்தது ஊருக்கே திரும்பி வரவேண்டும். அத்துடன் இப்போது மாதக் கட்டணத்தில் இணையவழியே கணக்கு வைத்துத் தருவதாகச் சொல்லும் சேவைகள் சங்கங்களை நாடி வருகின்றன. அங்கே மென்பொருள் நம் கைக்கு வருவதே இல்லை. பிரதி கைமாறும்போதுதான் ஜிபிஎல்லின் கடப்பாடு பிறக்கிறது. இந்த இடைவெளியை அடைக்கவே 2007 இறுதியில் அஃபெரோ ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. மாற்றியமைத்த நிரலை வலையமைப்பின் வழியே சேவையாக நடத்துபவரும் பயனாளருக்கு அதன் மூலநிரலை வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. இணையவழிச் சேவை பெறும் சங்கங்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளும் மூடப்படும் என்ற விதியிலிருந்து உரிமம் எப்படிக் காக்கிறது என்பதற்குத் தங்கள் கட்டுரையாளர் பாராட்டிய லிப்ரே ஓபிஸே சாட்சி. அதன் முன்னோடியான ஓப்பன் ஓபிஸை வளர்த்து வந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஒரக்கிள் நிறுவனம் வாங்கியது. எதிர்காலம் பற்றி ஐயம் கொண்ட நிரலாளர்கள் அவ்வாண்டு செப்டெம்பரில் மூலநிரலின் பிரதியோடு வெளியேறி, டொக்கியுமென்ட் அறக்கட்டளை என்ற பெயரில் தனியே தொடர்ந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அனுமதி உரிமத்திலேயே இருந்தது. நாங்கள் 2019-இல் கையறு நிலையில் நின்றதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் கரையோரத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு சாட்சியும் உண்டு. 2004 டிசெம்பர் 26-இல் கடல் பொங்கியபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மட்டக்களப்பின் துயரமும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள், உதவ வந்த அமைப்புகள் ஆகியவற்றின் விபரங்களை ஓரிடத்தில் பதிவதற்காக இலங்கை நிரலாளர்கள் அந்த நாட்களில் தொண்டர்களாகக் கூடி எழுதிய மென்பொருள்தான் சஹானா. அது கட்டற்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டதால், 2005-இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோதும், 2006-இல் பிலிப்பைன்ஸில் மண்சரிவு ஏற்பட்டபோதும், 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது அங்கெல்லாம் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. நம்முடைய துயரத்தில் பிறந்த ஒன்று பிறருடைய துயரத்தில் துணைநின்றது. இதை நம் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

மாற்றும் சுதந்திரம் நிரலாளருக்குத்தானே, எனக்கேன் என்று கேட்போரும் உண்டு. கண்பார்வையற்றோர் கணினியைக் காதால் பயன்படுத்த உதவும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒருவர் 2006-இல் தொடங்கி, பிறகு பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்த அந்தப் பணி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதனோடு சேர்ந்து வரும் ஈஸ்பீக் என்ற கட்டற்ற குரல்பொறி தமிழையும் வாசிக்கிறது. தமிழ் வாசிக்கும் பார்வையற்ற பிள்ளைகளின் தொகையைக் கணக்கிட்டு இலாபம் பார்க்கும் நிறுவனம் எதனுடைய அனுமதிக்காகவும் அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சிறுபான்மை மொழி பேசுவோருக்கும், சிறுதொகையினருக்கும், சிற்றூருக்கும் மாற்றும் சுதந்திரம் மற்றெவரையும்விட அதிகமாகத் தேவை. எங்கள் கோப்பில் இருந்ததைப் போன்ற பாமினி எழுத்தை அந்தக் குரல்பொறியிடம் கொடுத்தால் அது ஆங்கில எழுத்துகளாகவே படிக்கும் என்பதையும், இன்னும் பாமினியில் சுற்றறிக்கை தயாரிப்பவர்களின் கவனத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மாணவர் ஒருவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: “மூலநிரலையும் கொடுத்து, பகிரும் உரிமையையும் கொடுத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது, சேர்?” மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டிலிருந்தே நிரல் எழுதிக் குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கும் எதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஜிபிஎல் விற்பனையைத் தடுக்கவில்லை. ஸ்டோல்மன் தாமே ஈமேக்ஸ் என்ற, எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றுத்தான் தொடக்க காலத்தில் வாழ்ந்தார். லினக்ஸுக்குச் சேவை வழங்கியே வளர்ந்த ரெட் ஹெட் நிறுவனத்தை ஐபிஎம் 2019-இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. நம் ஊர் நிரலாளரின் வருமானம் பெரும்பாலும் செய்து கொடுப்பதிலும், பழக்குவதிலும், ஆண்டுதோறும் பராமரிப்பதிலும் இருக்கிறது. ஒரே நிரலை ஆயிரம் பேருக்கு விற்பதில் இல்லை. ஒரு சங்கத்துக்குச் செய்ததை அடுத்த சங்கம் எடுத்தால், அதை நிறுவித் தரவும் மாற்றித் தரவும் முதலில் அழைக்கப்படுபவர் அதை எழுதியவரே. எங்கள் அனுபவத்தில் அப்படித்தான் நடந்தது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஜிபிஎல் எந்த உத்தரவாதமும் தருவதில்லை என்று அதன் வாசகமே கூறுகிறது. பராமரிப்புக்குத் தனியே ஒப்பந்தம் செய்யாமல் இருப்பது முட்டாள்தனம். சேமிப்புப் புத்தகத்தில் வரி அச்சிடும் பழைய பொறியைப் புதிய முறைமையோடு இணங்க வைப்பதற்கு எங்களுக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. அந்த ஆறு வாரமும் வசைமொழி கேட்டவன் நான்.

ஐரோப்பாவில் 2017 முதல், பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் நடக்கிறது. அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் மாவட்டங்களில் பிரதேச சபைகளும், கூட்டுறவுச் சங்கங்களும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிருவாக சபைகளும் ஆண்டுதோறும் மென்பொருள் செய்விக்கின்றன. அந்த ஒப்பந்தங்களில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். செய்து தரும் நிரல் முழுவதும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் கீழ், இணையவழிச் சேவையானால் அஃபெரோ ஜிபிஎல்லின் கீழ், உரிமமளிக்கப்பட வேண்டும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன் மூலநிரலும் அதை நிறுவும் முறையும் ஒப்படைக்கப்பட வேண்டும். தரவுகள் யூனிகோடில், வேறு மென்பொருளாலும் திறக்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். எங்கள் சங்கம் 2020-இல் புதிதாகச் செய்வித்தபோது இவ்வரிகளை எழுதிக் கையெழுத்து வாங்கியது. விலை ஒரு சதமும் கூடவில்லை. சென்ற ஆண்டு அயலூர்ச் சங்கம் ஒன்று அதே நிரலை எடுத்து, மீனவர் கடனுக்குரிய பகுதியைச் சேர்த்தது. சேர்த்த பகுதி எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஜிபிஎல்லின் ஆங்கில மூலம் மட்டுமே சட்டப்படி செல்லும்; மொழிபெயர்ப்புகள் விளங்கிக்கொள்வதற்கு மட்டும் என்று அதை வெளியிட்டவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சங்கப் பொருளாளர்களும் அதிபர்களும் படித்து விளங்கத்தக்க தமிழ் விளக்கம் ஒன்றை, பிரிவு பிரிவாக, நான் எழுதி வைத்திருக்கிறேன். கல்விப் பக்கத்தில் இடம் ஒதுக்க இயலுமானால், வாரம் ஒரு பகுதியாக அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.